மூத்த வீரரின் சம்பளத்தை எப்படிக் கணக்கிடுவது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஐரோப்பியக் கால்பந்து கிளப் ஒன்று முப்பத்தைந்து வயதை நெருங்கும் முன்கள வீரர் ஒருவரைச் சேர்த்துக்கொள்ள இருப்பதாகவும், அவருக்கு வாரச் சம்பளமாகப் பேசப்படும் தொகை இத்தனை கோடி என்றும் சென்ற வாரம் விளையாட்டுப் பக்கத்தில் படித்தேன். ஒப்பந்தம் இன்னும் கையெழுத்தாகவில்லை என்பதால் அவர் பெயரை நான் இங்கே எழுதவில்லை. ராணிப்பேட்டைப் பக்கத்தில் ஒரு ஷூ தொழிற்சாலையில் 31 ஆண்டுகள் சம்பளப் பதிவேடு எழுதியவன் நான். உறுதியாகாத சம்பளத்தை ஒருவர் பெயரோடு சேர்த்துப் பேசுவதில்லை என்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமைகளில் காலை ஆறு மணிக்கே என் மகள் வயிற்றுப் பேரனும் அவன் நண்பர்களும் வேலூர் கோட்டை மைதானத்தில் பந்து உதைக்க வந்துவிடுவார்கள். நான் அகழியை ஒட்டி நடந்துவிட்டு வந்து அவர்கள் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஆட்டம் முடிந்து தள்ளுவண்டி இட்லி சாப்பிடும் நேரத்தில்தான் விவாதம் சூடுபிடிக்கும். சென்ற ஞாயிறன்று இந்தச் செய்திதான் விவாதம். “அந்தக் கிழவனுக்கு எதற்கு இவ்வளவு சம்பளம்? அந்தப் பணத்தில் இருபது வயதில் இரண்டு பேரை எடுக்கலாம்” என்றான் ஒரு பையன். “கோல் அடிக்கிறவருக்குத்தானே கொடுக்கிறார்கள்” என்றான் இன்னொருவன். மூன்றாமவன் விவரம் தெரிந்தவன். “இரண்டு வருடம் கழித்து அவரை யாரிடமும் விற்க முடியாது. மறுவிற்பனை மதிப்பே கிடையாது” என்று முடித்துவிட்டான். “நீங்கள் சொல்லுங்கள் தாத்தா” என்று என்னைக் கேட்டார்கள். வாயால் சொல்லிப் புரியவைக்கக்கூடிய விஷயம் அல்ல அது. தாளும் பேனாவும் வேண்டும். அதனால்தான் இந்தக் கடிதம்.

ஒரு வீரருக்கு கிளப் செய்யும் செலவு அவருடைய சம்பளம் மட்டும் அல்ல. அவரைப் பழைய கிளப்பிடமிருந்து வாங்கக் கொடுத்த டிரான்ஸ்பர் தொகையும் உண்டு. அந்தத் தொகையை ஒரே வருடத்தில் எழுதிவிட மாட்டார்கள். ஒப்பந்தம் எத்தனை ஆண்டோ அத்தனை ஆண்டுகளுக்குப் பிரித்து எழுதுவார்கள், எங்கள் தொழிற்சாலையில் இயந்திரத்தின் விலையை ஆண்டுக்கு ஆண்டு கழித்து எழுதியதைப் போல. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 24 வயது வீரரை 6 கோடி யூரோவுக்கு, 5 ஆண்டு ஒப்பந்தத்தில் வாங்குகிறார்கள். ஆண்டுக்கு 1.2 கோடி யூரோ அதிலேயே போய்விடும். சம்பளம் 60 லட்சம் யூரோ என்று வைத்தால், ஆண்டுச் செலவு 1.8 கோடி. ஒப்பந்தம் முடிந்து விடுதலையாகி வரும் 34 வயது வீரருக்கு டிரான்ஸ்பர் தொகை கிடையாது. அவருக்கு 1 கோடி யூரோ சம்பளம் கொடுத்தாலும் செலவு 1 கோடியோடு நின்றுவிடுகிறது. செய்தியில் வருவது என்னவோ ‘இளைஞருக்கு 60 லட்சம், கிழவருக்கு 1 கோடி’ என்ற பாதிக் கணக்குத்தான்.

ஒப்பந்தம் முடிந்த வீரர் டிரான்ஸ்பர் தொகை இல்லாமல் வேறு கிளப்புக்குப் போகலாம் என்ற நிலை சும்மா வந்துவிடவில்லை. பெல்ஜியத்தைச் சேர்ந்த ஜீன் மார்க் போஸ்மன் என்ற சாதாரண ஆட்டக்காரர், ஒப்பந்தம் முடிந்த பிறகும் தன்னைப் போகவிடாத கிளப்பை எதிர்த்து ஆண்டுக்கணக்கில் வழக்காடினார். 1995 டிசம்பர் 15 அன்று ஐரோப்பிய நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. அன்றிலிருந்து பழைய கிளப்புக்குப் போய்க்கொண்டிருந்த பணத்தில் ஒரு பகுதி வீரரின் சம்பளத்துக்குள் வந்து சேர்ந்தது. மூத்த வீரர்களின் சம்பளம் கண்ணை உறுத்தும் அளவுக்குப் பெரிதாகத் தெரிவதற்கு இதுவும் காரணம்.

மறுவிற்பனை பற்றிச் சொன்ன பையனின் பேச்சில் உண்மை இருக்கிறது. அதை நான் மறுக்கவில்லை. இளைஞரை மூன்று ஆண்டு கழித்து விற்றால் போட்ட பணம் திரும்ப வரலாம். ஆனால் வரலாம் என்பதை வந்துவிட்டது என்று எழுதும் கணக்கரை எந்த முதலாளியும் வேலைக்கு வைத்துக்கொள்ள மாட்டார்.

இப்போது நடந்த ஒரு கதையைச் சொல்கிறேன். 2020 செப்டம்பரில் ஸ்பெயினின் பார்சிலோனா கிளப், முன்கள வீரர் லூயிஸ் சுவாரஸை வெளியே அனுப்பியது. அப்போது அவருக்கு 33 வயது. ஆறு ஆண்டுகளில் அந்த கிளப்புக்காக 198 கோல்கள் அடித்தவர் அவர். புதிய பயிற்சியாளர் ரொனால்டு கோமன் தொலைபேசியில் அழைத்து, என் திட்டத்தில் நீங்கள் இல்லை என்று சொல்லிவிட்டார். சம்பளச் செலவைக் குறைக்க வேண்டும் என்ற அவசரத்தில், நேரடிப் போட்டியாளரான அத்லெட்டிகோ மாட்ரிட்டுக்கே, நிபந்தனைகள் நிறைவேறினால் அதிகபட்சம் 60 லட்சம் யூரோ என்ற அளவில் கொடுத்தார்கள். அத்லெட்டிகோவுக்கான முதல் ஆட்டத்தில், மாற்று ஆட்டக்காரராகக் கடைசி இருபது நிமிடங்களே ஆடி, சுவாரஸ் இரண்டு கோல் அடித்தார். அந்தப் பருவத்தில் லீகில் 21 கோல். கடைசிக்கு முந்தைய வாரம் ஒசாசுனாவுக்கு எதிராக 88ஆம் நிமிடத்தில் வெற்றி கோல். 2021 மே 22 அன்று, கடைசி நாளில், வல்லாடோலிட் முதலில் ஒரு கோல் போட்டு முந்திவிட்டது. அத்லெட்டிகோ சமன் செய்த பிறகு, எதிரணியின் தவறான பாஸ் ஒன்றைப் பிடித்துத் தனியாக ஓடி இரண்டாவது கோலை அடித்தவர் அதே சுவாரஸ்தான். ஆட்டம் முடிந்ததும் புல்தரையில் உட்கார்ந்து கைப்பேசியில் குடும்பத்தாரிடம் பேசியபடி அவர் அழுதார். அத்லெட்டிகோ 86 புள்ளிகளுடன் சாம்பியன், ரியல் மாட்ரிட் 84, பார்சிலோனா 79.

இத்தோடு முடிந்திருந்தால் ஒரு கிளப் தவறு செய்தது என்று விட்டுவிடலாம். இரண்டே ஆண்டுகள் கழித்து, 2022 ஜூலையில், அதே பார்சிலோனா போலந்து முன்கள வீரர் ராபர்ட் லெவன்டோவ்ஸ்கியை வாங்கியது. 4.5 கோடி யூரோ, அதற்கு மேல் நிபந்தனைத் தொகை, நான்கு ஆண்டு ஒப்பந்தம். லெவன்டோவ்ஸ்கிக்கு அப்போது வயது 33! வயதாகிவிட்டது என்று கிட்டத்தட்ட இலவசமாக அனுப்பிய அதே வயதில் இன்னொருவரைக் கோடிகள் கொட்டி வாங்கினார்கள். முதல் பருவத்திலேயே அவர் லீகில் 23 கோல் அடித்தார், கோப்பையும் வந்தது. 2024-25 பருவத்தில், 36 வயதில், 27 கோல், மறுபடியும் கோப்பை. ஆகவே 33 வயது என்பதில் ஒன்றும் இல்லை. சுவாரஸை அனுப்பிய கையெழுத்துதான் தவறு.

எதிர்ப்பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் பையன்கள் விடமாட்டார்கள். இங்கிலாந்தின் மான்செஸ்டர் யுனைடெட் பெரும் சம்பளத்தில், வேறு கிளப்பிடமிருந்து ஒரு பருவத்துக்குக் கடனாகப் பெற்ற முன்கள வீரர் ரடமெல் பால்காவோ 2014-15இல் 26 லீக் ஆட்டங்களில் 4 கோல்தான் அடித்தார். அதே கிளப்புக்கு 2018 ஜனவரியில் வந்த அலெக்சிஸ் சான்செஸ் 45 ஆட்டங்களில் 5 கோல். வந்து சேர்ந்தபோது பால்காவோவுக்கு 28 வயது, சான்செஸுக்கு 29. பால்காவோ அந்த ஆண்டு ஜனவரியில்தான் முழங்கால் தசைநார் கிழிந்து அறுவை சிகிச்சை செய்துகொண்டவர். பார்க்க வேண்டியது முழங்காலை. நம் நாட்டு ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) போட்டியின் முதல் பருவத்தில், 2014இல், உலகக் கோப்பை வென்ற அலெஸ்ஸாண்ட்ரோ டெல் பியரோ டெல்லி அணிக்கு வந்து 10 ஆட்டங்களில் ஒரே ஒரு கோல் அடித்தார். ஆடிக்கொண்டிருக்கும்போதே அவருக்கு 40 வயது முடிந்தது. அது ஆட்டத்துக்காகக் கொடுத்த சம்பளம் என்று நான் எழுத மாட்டேன். புதிய போட்டியை மக்கள் திரும்பிப் பார்க்க வேண்டும் என்பதற்கான விளம்பரச் செலவு. கிறிஸ்டியானோ ரொனால்டோவுக்கு சவுதி அரேபியாவின் அல் நாசர் கிளப் கொடுப்பதும் பெரும்பாலும் அந்தக் கணக்கில்தான் சேரும். ஒரு நாட்டின் அரசு நிதியம் பின்னால் நிற்கும்போது டிக்கெட் வசூலோடு அதை ஒப்பிடுவதில் பொருள் இல்லை. அதே ரொனால்டோ 2023-24இல் அந்த லீகில் 35 கோல் அடித்தார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

பேரனோடு காட்பாடியில் ரயில் ஏறிச் சென்னை நேரு விளையாட்டரங்கத்துக்குப் போன காலம் உண்டு. 2019-20 பருவம். சென்னையின் எப்சிக்கு ஆடிய லிதுவேனியா நாட்டவர் நெரியஸ் வால்ஸ்கிஸ் அந்தப் பருவத்தில் 15 கோல் அடித்தார். அணி அடிமட்டத்திலிருந்து எழுந்து இறுதிப் போட்டிவரை போனது. அவருக்கு 32 வயது என்று எங்கள் ரயில் பெட்டியில் ஒருவர்கூடப் பேசிக் கேட்டதில்லை. சுனில் சேத்ரி 2024-25இல் 40 வயதில் 14 கோல் அடித்தபோதோ, எல்லோரும் வயதைப் பற்றி மட்டுமே பேசினார்கள்.

ஆனால் அந்தப் பையன் சொன்ன ‘கிழவன்’ என்ற சொல் எனக்கு ஏன் அவ்வளவு வலித்தது என்பதற்கு இந்த விவரம் எதுவும் காரணம் அல்ல.

எங்கள் தொழிற்சாலையில் தோல் வெட்டும் பிரிவில் ஒருவர் இருந்தார். மாஸ்டர் என்றே எல்லோரும் அழைப்போம். தோலை மேசைமேல் விரித்ததும் அவர் அச்சை எடுக்க மாட்டார். முதலில் வலது உள்ளங்கையால் முதுகெலும்பு ஓடிய கோட்டிலிருந்து வயிற்றுப் பக்கம்வரை ஒருமுறை தடவுவார். பிறகு ஓரத்தை இரு கைகளாலும் பிடித்து இழுத்து, தோல் எந்தப் பக்கம் நீள்கிறது என்று பார்ப்பார். ஜன்னல் வெளிச்சத்துக்குச் சாய்த்து, உண்ணி கடித்த புள்ளி, முள் கீறிய தழும்பு, சூடு போட்ட இடம் எல்லாவற்றையும் வெள்ளி நிறப் பேனாவால் வட்டமிடுவார். அதற்குப் பிறகுதான் அச்சுகளை அடுக்குவார். ஷூவின் முன்பக்கத்துக்கு இறுக்கமான முதுகுத் தோல். உள்ளே மறையும் நாக்குக்கு, தளர்ந்த வயிற்றுத் தோல். தழும்பு விழுந்த இடம் இரண்டு அச்சுகளுக்கு நடுவே கழிவாகப் போய்விடும். அவர் வெட்டி முடித்த தோலில் மிஞ்சுவது விரலகல நாடாக்கள்தான். அவர் இரண்டு தோல் வெட்டும் நேரத்தில் இளைஞர்கள் மூன்று வெட்டினார்கள் என்பதும் உண்மை.

புதிதாக வந்த மேலாளர் ஒருநாள் என் பதிவேட்டைப் புரட்டி, மாஸ்டரின் வரிமேல் விரலை வைத்தார். புதிய ஆட்களைவிட அவர் சம்பளம் ஒரு மடங்கு அதிகம். “இந்தக் கிழவனுக்கு எதற்கு இவ்வளவு?” என்றார். அதே வார்த்தை. அடுத்த மாதமே மாஸ்டரை விருப்ப ஓய்வில் போகச் சொன்னார்கள். அவருடைய பணிக்கொடையைக் கணக்கிட்டவன் நான்: மாதத்தை 26 நாளாக வைத்து, வேலை செய்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சம்பளம். தொகையில் ஒரு ரூபாய் பிசகவில்லை. அதைத் தவிர நான் வாய் திறந்து ஒன்றும் சொல்லவில்லை.

தோல் கொள்முதல் கணக்கும் என் மேசைக்கு வரும். ஷூவின் செலவில் பெரும்பங்கு தோலுக்குத்தான் போகிறது, கூலிக்கு அல்ல. மாஸ்டர் போன மூன்றாவது மாதத்திலிருந்து ஜோடிக்குக் கால் சதுர அடி தோல் கூடுதலாகச் செலவாக ஆரம்பித்தது. ஒரு ஜோடிக்குக் கால் சதுர அடி என்றால் கையளவுத் துண்டுதான். ஒரு நாள் உற்பத்தியால் அதைப் பெருக்கிப் பார்த்தேன். மாஸ்டரின் சம்பளத்தில் மிச்சமானது அந்தத் துண்டுகளில் போய்க்கொண்டிருந்தது. சம்பளம் ஒரு பதிவேட்டில், தோல் இன்னொரு பதிவேட்டில். இரண்டையும் சேர்த்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. தோன்றிய நானும் எழுதி நீட்டவில்லை. அந்த மாதங்களின் நினைவு இன்றும் என்னை விட்டபாடில்லை.

2020இல் ஏசி மிலான் என்ன செய்தது என்று பாருங்கள். ஸ்லாட்டன் இப்ராஹிமோவிச்சை 38 வயதில் திரும்ப அழைத்துக்கொண்டது. அடுத்த ஆண்டு 34 வயது ஒலிவியே ஜிரூவையும் சேர்த்தது. 2022 மே மாதம் அந்த அணி 11 ஆண்டுகளுக்குப் பிறகு இத்தாலிய லீக் கோப்பையை வென்றபோது, கடைசி ஆட்டத்தில் இரண்டு கோல் அடித்தவர் ஜிரூ. 40 வயது இப்ராஹிமோவிச் அந்தப் பருவத்தில் அடித்தது 8 கோல்தான். ஆனாலும் அந்த இளம் அணியை நிமிர்த்தியதில் அவருக்குப் பங்கு உண்டு என்று அந்த கிளப் நம்பியது. கோல் எண்ணிக்கை ஒரு பதிவேடு. மற்ற பத்துப் பேரின் ஆட்டம் இன்னொரு பதிவேடு.

கோடிகளில் வாங்கும் வீரரையும் கூலிக்கு வேலை செய்த தோல் வெட்டுபவரையும் ஒன்றாக வைத்துப் பேசுவது சரியா என்று வாசகர்கள் கேட்கலாம். அந்தச் சம்பளங்களின் அளவு எனக்கும் உறுத்தத்தான் செய்கிறது. ஆனால் அந்த உறுத்தல் இருபது வயது வீரரின் கோடிகளைப் பார்க்கும்போதும் வர வேண்டும் அல்லவா? இங்கிலாந்தில் 1961 ஜனவரிவரை ஒரு கால்பந்து வீரருக்கு வாரத்துக்கு 20 பவுண்டுக்கு மேல் கொடுக்கக்கூடாது என்று உச்சவரம்பே இருந்தது. அரங்கங்கள் நிறைந்து வழிந்த காலம் அது. அந்தப் பணம் ஆடியவர்கள் கைக்கு வரவில்லை. வீரர்கள் சங்கத் தலைவர் ஜிம்மி ஹில் தலைமையில் வீரர்கள் வேலைநிறுத்தம் செய்வோம் என்று எச்சரித்த பிறகுதான் உச்சவரம்பு நீங்கியது. புல்ஹாம் அணியின் ஜானி ஹெய்ன்ஸ் வாரத்துக்கு 100 பவுண்டு வாங்கிய முதல் வீரர் ஆனார். வீரருக்குக் கொடுக்காத பணம் டிக்கெட் வாங்கியவரிடம் திரும்பி வந்ததாக நான் எங்கும் படித்ததில்லை.

ஆசிரியர் அவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. இத்தகைய செய்தி வரும்போது வாரச் சம்பளத்தை ரூபாயில் மாற்றித் தலைப்பில் போடுவதோடு நின்றுவிட வேண்டாம். ஒப்பந்தம் எத்தனை ஆண்டு, டிரான்ஸ்பர் தொகை உண்டா, சம்பளத்தில் நிலையானது எவ்வளவு, ஆட்டத்துக்கும் கோலுக்கும் ஏற்ப வருவது எவ்வளவு, கடந்த இரண்டு பருவங்களில் காயத்தால் எத்தனை ஆட்டம் தவறினார் என்ற விவரங்களில் தெரிந்ததையெல்லாம் நான்கு வரியில் கொடுங்கள். இவற்றுள் மிக முக்கியமானது ஆண்டுக் கணக்கு. மூத்த வீரருக்கு ஓராண்டு, மேலும் ஓராண்டு நீட்டிக்கலாம் என்ற ஒப்பந்தம் கிளப்பை ஒன்றும் செய்துவிடாது. அவருக்கே நான்கு ஆண்டு எழுதிக்கொடுத்துவிட்டு, மூன்றாம் ஆண்டில் அவர் ஓடவில்லை என்று கத்துவது அவர் தவறா? பார்சிலோனா 2021 ஆகஸ்டில் மெஸ்ஸியையே வைத்துக்கொள்ள முடியாமல் அழுதபடி வழியனுப்பியதற்கு, வருமானத்தை மீறிப் பல ஆண்டுகளுக்கு எழுதிக் கொடுத்த ஒப்பந்தங்கள் ஒரு முக்கியக் காரணம். மெஸ்ஸி தன் சம்பளத்தைப் பாதியாகக் குறைத்துக்கொள்ள முன்வந்தும் பயன் இல்லாமல் போனது.

பேரனின் அணி அடுத்த மாதம் குடியாத்தத்தில் ஏழு பேர் ஆட்டப் போட்டி ஒன்றில் கலந்துகொள்கிறது. கோல் அடிக்க ஆள் இல்லை என்று வாணியம்பாடியிலிருந்து ஒருவரை அழைத்துவரப் பேசியிருக்கிறார்கள். தோல் பதனிடும் இடத்தில் வேலை செய்பவர், 39 வயது. அவர் கேட்டது 1,500 ரூபாய். இதற்கும் சண்டைதான். ‘கிழவன்’ என்று சொன்ன அதே பையன், அந்தப் பணத்தில் புதிதாக இரண்டு பந்து வாங்கலாம் என்கிறான். பொருளாளர் என் பேரன் என்பதால் நோட்டுப் புத்தகம் என்னிடம் வந்தது. எத்தனை ஆட்டம் ஆடுவார், முழங்கால் எப்படி இருக்கிறது என்று விசாரித்துவிட்டு, 1,000 ரூபாய் நிலையாகவும், இறுதி ஆட்டத்துக்குப் போனால் 500 ரூபாயும் என்று எழுதிக் கொடுத்தேன். அவரும் சம்மதித்துவிட்டார். பஸ் கட்டணமும் மதியச் சாப்பாடும் தனி வரியில் இருக்கின்றன. அன்று ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வருகிறவர் அவர். ஆயிரம் ரூபாயை உறையில் போட்டு, ஆட்டம் தொடங்கும் முன்பே அவர் கையில் கொடுத்துவிடும்படி பேரனிடம் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சம்பளக் கணக்கர்,
சத்துவாச்சாரி, வேலூர்.